வெயிலில் காய்ந்த செக்ரோல்

எங்கள் ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்கு ஒரு 'பேர்'. கணக்குப்பிள்ளை செக்ரோல் பதிவேட்டில் போட்டால்தான் நீங்கள் அன்றைக்கு மலையில் நின்றதாகக் கணக்கு. கொழுந்து குறைந்தால் அரைப்பேர். வாய் நீண்டால் அதுவும் இல்லை.

எழுதியதை மறக்காத இப்படியொரு செக்ரோலைச் சிப்புக்குள் கொண்டுபோனவர் டோவ் ஃப்ரோமன், இன்டெல் கம்பெனிக்காரர். கோளாறு பிடித்த சிப் ஒன்றை நோண்டிப் பார் என்று விட்டார்கள். மனிதர் 1970-ல் அந்தக் கோளாற்றிலிருந்தே ஒரு யோசனையைப் பிடித்துவிட்டார். கண்ணாடிச் சுவர், கதவே இல்லாத லயக் காம்பரா. மின்னழுத்தத்தால் மிரட்டி எலக்ட்ரான்களை உள்ளே தள்ளினால், கரண்ட் போனாலும் அவை வெளியே வராது. 1971-ல் வந்த 1702 சிப்பின் கொள்ளளவு 256 பைட். கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன்மார் வரிசைக்கே பத்தாது. ஃப்ரோமனோ பேர் வாங்கிய கையோடு கானாவுக்குப் படிப்பிக்கப் போய்விட்டார்.

எழுதியதை அழிக்க, சிப்பின் முதுகில் குவார்ட்ஸ் சன்னல் வைத்தார்கள். புற ஊதா விளக்கடியில் 15, 20 நிமிடம் கிடந்தால் எலக்ட்ரான்கள் தெம்பு வந்து சுவரேறிக் குதித்துவிடும். ஆனால் விளக்குக்குத் திறந்த சன்னல் சூரியனுக்கு மூடுமா? நேர் வெயிலில் ஒரு வாரம், டியூப்லைட்டில் மூன்று வருஷம், எல்லாம் மறந்துபோகலாம் என்று கம்பெனியே எழுதிவைத்தது. கச்சான் காற்று அடிக்கும் ஆடியில் அந்தக் கணக்கு இங்கேயும் சரிவரலாம். மார்கழி மழையில் எங்கள் சூரியனுக்கே அரைப்பேர்தான். கடைசியில் இன்ஜினியர்மார் சன்னலுக்கு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அத்தனை பெரிய விஞ்ஞானத்தின் ஞாபகசக்தி ஒரு துண்டுக் காகிதத்தின் பசையில் தொங்கியது!

வேடிக்கை என்னவென்றால், பிறகு வந்த 2716 சிப்பை அழித்தால் உள்ளே அத்தனையும் 1. மறதி வந்தால் எல்லாருக்கும் முழுப்பேர் போடும் கணக்குப்பிள்ளை!

கொழும்பின் மறதி வேறு ரகம். 1948-ன் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத்தில் அநேகமாக எல்லாருக்கும் 0 போட்டது. 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 525,000 பேர் அங்கே இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று பங்கு பிரித்து, 150,000 பேரைப் 'பிறகு பார்ப்போம்' என்று ஓரமாக வைத்தார்கள். மிச்சமிருந்தவர்களுக்கு 1 போட 2003 வரை எடுத்தது.

அடையாள அட்டையை அப்பாயி பிளாஸ்டிக் உறையில் போட்டு, பழைய சேலையில் சுற்றி, டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறார். வெயில் படக் கூடாதாம்.