கிள்ளான் பள்ளத்தாக்கு அறிவியல் குறிப்புகளின் பாடபேதங்கள்: ஒரு முன்னோட்ட ஆய்வு

வேங்கடம், குமரி என்று எல்லை சொல்லித் தொடங்குவது நம் மரபு. இவ்வாய்வின் கிழக்கெல்லை பிரிக்பீல்ட்ஸ். மேற்கெல்லை போர்ட் கிள்ளான். இரண்டையும் கொமுட்டர் ரயில் இணைக்கிறது. சுபாங் ஜெயா, ஷா ஆலம், கிள்ளான் என்று இடையில் வரும் நிலையங்களில் ஏறி இறங்கும் பள்ளிப் பிள்ளைகளின் புத்தகப் பைக்குள் இருக்கும் அறிவியல் குறிப்புகளே நம் ஆய்வுப் பொருள். அதே பையில் கிடக்கும் சாப்பாட்டு டப்பா ஆய்வுப் பொருள் அன்று. அதிலிருந்து ஒழுகியது ஆய்வுப் பொருளே. காரணம் பின்னர் விளங்கும்.

அறிவியல் குறிப்பைச் சுருக்கவும் மீள்பார்வை செய்யவும் "படைப்பாற்றல் மிக்க" வழிகள் பயிலரங்குதோறும் பரிந்துரைக்கப்படுகின்றன. பிள்ளைகள் உண்மையில் என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று சுவடியைப் பிரித்துப் பார்த்தவர் இல்லை. இந்த ஆய்வு இடைவெளியை நிரப்பவே இக்கட்டுரை. (இடைவெளி இருக்கிறது என்று சொல்லாத கட்டுரையை எந்த ஆய்விதழும் ஏற்காது; அது நிரம்பியதா என்று எந்த ஆய்விதழும் திரும்பிப் பார்க்காது.)

முதலில் கோட்பாடு. கோட்பாடு இல்லாமலும் இதை எழுதலாம்; ஆனால் அப்போது எல்லாருக்கும் புரிந்துவிடும். தொல்காப்பிய மரபியல் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காகப் பிரிக்கிறது. பாடநூல் முதல்நூல் என்றால் மாணவர் குறிப்பு வழிநூல். தொகுத்தலுக்குச் சான்று அரிது. விரித்தலுக்குச் சான்று மலிவு: பாடநூலில் இரண்டு பக்கம் வரும் செரிமான மண்டலம் நோட்டில் ஐந்து பக்கம் வந்து, மேலே "சுருக்கம்" என்று தலைப்பும் பெற்றிருக்கும். தொகைவிரி என்பது முதல் அத்தியாயம் நான்கு வண்ணத்தில், இரண்டாவது இரண்டு வண்ணத்தில், மூன்றாவது பென்சிலில், நான்காவது "பிறகு எழுதவும்" என்ற நிலை.

மொழிபெயர்ப்பு மலேசியாவுக்கே உரிய சிறப்பு. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை தமிழில் படித்த அறிவியல், படிவம் 1இல் மலாய்க்கு மாறுகிறது. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்குப் போயின. 2009இல் அதைக் கைவிடும் முடிவு வந்தது. 2016இல் இருமொழித் திட்டம் என்ற வேறு வாசல் வழியாக ஆங்கிலம் சில பள்ளிகளுக்குத் திரும்பியது. ஆகவே ஒரே வீட்டு அலமாரியில் சின்னம்மாவின் இதயப் படம் மலாயிலும், அண்ணனுடையது ஆங்கிலத்திலும், தங்கையுடையது மலாயில் எழுதி அடியில் தமிழில் பொருள் குறித்தும் கிடைக்கின்றன. வலது கீழறை மட்டும் எந்தக் கொள்கை அறிக்கையையும் படிக்காமல் இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது (காண்க: ஐஸ்பெட்டிக் கதவு, காந்தம் 3க்குக் கீழ்).

நன்னூல் சொல்லும் பத்து அழகில் முதலாவது சுருங்கச் சொல்லல், இரண்டாவது விளங்க வைத்தல். நம் சுவடிகளில் முதலாவது இருக்குமிடத்தில் இரண்டாவது இல்லை. "ஒ.சே: கா+நீ→கு+ஆ" என்று ஒரு சுவடி. கார்பன் டைஆக்சைடும் நீரும் ஒளியின் உதவியால் குளுக்கோசும் ஆக்சிஜனும் ஆவதைத்தான் அது சொல்கிறது என்று கண்டறிய இவ்வாய்வாளனுக்கு ஒரு மாலை தேவைப்பட்டது. எழுதிய மாணவியைக் கேட்டபோது அது ஏதோ பேருந்து எண் என்றார்.

ஹைலைட்டரைப் பற்றி விதியே வகுக்கலாம். எஸ்.பி.எம். தேர்வின் அறிவியலில் கருதுகோளுக்கு ஒரே வாக்கிய அமைப்புதான்: ஒன்று கூடக் கூட மற்றொன்று கூடும், அல்லது குறையும். அதன்படி, பக்கத்தில் மஞ்சள் கூடக் கூடப் படித்துவிட்டோம் என்ற நிம்மதி கூடும். தற்சார்பு மாறி மஞ்சள். சார்பு மாறி அந்த நிம்மதி, கூடவே அம்மாவின் மகிழ்ச்சி. கட்டுப்படுத்தப்பட்ட மாறி, அதாவது கடைசிவரை மாறாமல் இருப்பது, புள்ளி. முழுப் பக்கமும் மஞ்சளானபின் மஞ்சள்படாத ஒரே வரி கண்ணில் குத்தும். அந்த வரிதான் மனத்தில் நிற்கிறது. பெரும்பாலும் அது பக்க எண்.

குமிழிகளுக்கு வருவோம். டேவிட் ஹைர்ல் என்ற அமெரிக்கர் வகுத்த எட்டுச் சிந்தனை வரைபடங்களை 2012 வாக்கில் 'ஐ-திங்க்' என்ற பெயரில் நம் கல்வி அமைச்சு பள்ளிகளுக்குள் கொண்டுவந்தது. அன்றிலிருந்து தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு வட்ட வரைபடம், குமிழி வரைபடம், இரட்டிப்புக் குமிழி வரைபடம், நிரலொழுங்கு வரைபடம் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. விலங்கு உயிரணுவையும் தாவர உயிரணுவையும் ஒப்பிட இரட்டிப்புக் குமிழிக்கு நிகரில்லை; அது நல்ல கருவி. ஆனால் குமிழி வரைய ஒரு மாலை போகிறது, நிரப்ப ஒரு விளம்பர இடைவேளை போதுமாக இருக்கிறது. குமிழியின் அளவைக் கருத்து தீர்மானிப்பதில்லை, கையில் கிடைத்த நாணயம் தீர்மானிக்கிறது (20 சென்: துணைக் கருத்து, 50 சென்: மையக் கருத்து, மூடி: தொலைந்துபோன 50 சென்).

இனி இக்கட்டுரையின் உயிர்நாடி. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடி, ஒப்புநோக்கி, பாடபேதம் குறித்து 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். கிள்ளானில் அந்தப் பணிக்கு ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை. ஒரு டியூஷன் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள போட்டோஸ்டேட் கடை போதும். படிவம் 5 வேதியியல் குறிப்பு ஒன்று ஓர் அக்காவிடம் பிறந்து, தங்கையிடம் போய், தங்கையின் தோழியிடம் போய், தோழியின் மாமா மகனிடம் நகலின் நகலின் நகலாக வந்து சேர்கிறது. ஒவ்வொரு நகலிலும் வலது ஓரம் ஒரு விரற்கடை குறைகிறது. மூல ஏடு இன்று இல்லை. அக்கா இருக்கிறார், ஆனால் தம் கையெழுத்தையே அடையாளம் காண மறுக்கிறார்.

கிடைத்த சுவடிகள் மூன்று. மைலோச் சுவடி (இனி மை.), சாம்பார்ச் சுவடி (சா.), மழைச் சுவடி (ம.). மூன்றுக்கும் பொதுவான கறை ஒன்று மோல் என்ற தலைப்பின்மேல் இருப்பதால் இவை ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை என்பது உறுதி. பழைய ஓலைச்சுவடிகளில் ஓலை கிழியும் என்று அஞ்சி மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார்கள். நம் மூன்று சுவடிகளிலும் புள்ளி இல்லை. இங்கே கிழிய ஓலை இல்லை என்பதால் இது மரபுப் பற்று என்றே கொள்ள வேண்டும்.

பேதங்களில் தலையாயது அவகாட்ரோ எண். ஒரு மோல் பொருளில் உள்ள துகள்களின் எண்ணிக்கை 6.02 × 10²³. மை. மட்டும் இப்படிக் காட்டுகிறது. சா. தரும் பாடம்: 6.02 × 1023. மேலே சிறிதாக இருந்த அடுக்கு நகலெடுப்பில் கீழே இறங்கி உட்கார்ந்துவிட்டது. ம. பாடம்: 6.02 × 10, அதன்பின் நீலக் குளம். சாம்பார்ப் பாடத்தை ஏற்றுப் பெருக்கினால் 6158.46 வருகிறது. 18 கிராம் நீர், அதாவது ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் கூடுதலான நீர், ஆறாயிரத்து நூற்று ஐம்பத்தெட்டு முழு மூலக்கூறும், உடைந்த ஒன்றில் பாதிக்குச் சற்றுக் குறைவும் கொண்டது என்றாகும். இதை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை கிள்ளான் ஆற்றையே எண்ணி முடித்துவிடலாம்.

எது மூலபாடம்? கடினமான பாடமே பழைய பாடம் என்பது மேலைப் பதிப்பாசிரியர் கொள்கை. அதன்படி 10²³ மூலம். ஆனால் எளிய பாடத்தைப் பிடித்துக்கொண்டு வாதாடும் அணியும் இருக்கத்தானே செய்யும்? அவர்கள் 1023ஐ ஆண்டாகக் கொள்வார்கள். ராஜேந்திர சோழன் கடாரத்தின் மீது படையெடுத்தது 1025இல். அதற்கு இரண்டாண்டு முன்னரே மோல் கோட்பாடு நம்மவர் கையில் இருந்தது, கப்பலில் ஏற்றிக் கெடாவுக்குக் கொண்டுவந்தார்கள், அவகாட்ரோ பின்னால் எடுத்துக்கொண்டார் என்று நிறுவ இதைவிட வேறென்ன வேண்டும்? இந்த வாதத்தை இவ்வாய்வாளன் நகைச்சுவைக்காகத்தான் எழுதுகிறான். அடுத்த மாநாட்டில் இதை யாரேனும் படவில்லைகளோடு படித்தால், பையும் சான்றிதழும் வாங்கிக்கொண்டு மேடையில் நின்று படம் எடுத்துக்கொண்டால், பொறுப்பு இவனுடையது அன்று.

பாடபேதத்தைவிட மயக்குவது ஓரக்குறிப்பு. பெயர் தெரியாத சங்கப் புலவர்களை அவர்கள் ஆண்ட தொடராலேயே செம்புலப்பெயனீரார், ஓரேருழவனார் என்று அழைத்தது நம் தொகுப்பாளர்களின் பெருந்தன்மை. அவ்வழியில், மூன்று சுவடியிலும் ஒவ்வொரு தலைப்புக்கும் பக்கத்தில் "இது கட்டாயம் வரும்" என்று எழுதிய உரையாசிரியருக்கு 'கட்டாயம்வருமார்' எனப் பெயர் சூட்டுகிறேன். மின்னாற்பகுப்புக்குப் பக்கத்திலும் கட்டாயம் வரும். எரிதல் வெப்பத்துக்குப் பக்கத்திலும் கட்டாயம் வரும். பொருளடக்கத்துக்குப் பக்கத்திலும் கட்டாயம் வரும். இவர் ஒருவரா பலரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஒருவர் என்பார் மையின் நிறத்தைக் காட்டுவர். பலர் என்பார், ஒரே ஆள் இவ்வளவு நம்பிக்கையோடு வாழ முடியாது என்பர். அவருக்குப் பின் வந்த வேறொரு கை, ஒரேயொரு இடத்தில், "வரல" என்று எழுதியிருக்கிறது (சா., தாள் 11, இடது ஓரம், பென்சில், சாய்த்துப் பிடித்தால் தெரியும், ஒப்பிடுக: அதே தாளின் மடிப்பு, மாறாக: மடிப்பின் உட்புறம், மறுப்பு: உட்புறத்தில் இருப்பது எழுத்தன்று, சாம்பார், மறுப்புக்கு மறுப்பு: சாம்பார் அன்று, ரசம், அம்மாவின் வாய்மொழிச் சான்று, சமையலறை, தேதியில்லை, அம்மாவின் மேற்சான்று: டப்பாவை ஏன் நேராக வைக்கவில்லை).

பிற மீள்பார்வை வழிகளை விரிக்க இடமில்லை. தனிம அட்டவணையைச் சினிமா மெட்டில் பாடுவது: மெட்டு நினைவிருக்கிறது. கழிவறைக் கதவில் ஒட்டுவது: வீட்டில் மற்றவர்களும் அமிலம், காரம் தெரிந்தவர்களாகிறார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் வால்டர் பாக் காட்டிய முறையில் இடப்பக்கம் ஒரு குறுகிய பத்தி விட்டுக் கேள்விகளை எழுத வேண்டும். இங்கே அந்தப் பத்தியில் ஆசிரியரின் மீசை வரையப்படுகிறது, சில நன்றாகவே இருக்கின்றன. செபாஸ்டியன் லைட்னர் 1972இல் சொன்ன ஐந்தறை அட்டைப் பெட்டி முறைக்குப் பெட்டி கிடைத்தது, அட்டையும் கிடைத்தது, முதல் அறையைத் தாண்டிய அட்டை கிடைக்கவில்லை. சரசுவதி பூசையன்று புத்தகங்களை அடுக்கி வைத்து அன்று தொடக்கூடாது என்பது விதி. மீள்பார்வை தொடர்பான விதிகளிலேயே எந்த மாணவரும் மீறாதது அது ஒன்றுதான்.

முந்தைய ஆய்வுகளையும் சொல்லிவிடுவது முறை. கட்டுரையின் கடைசியில் வைப்பது முறையன்று; ஆனால் முன்னால் வைத்தால் மேலே எழுதியவை தேவைப்பட்டிரா. ஹெர்மன் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, தாமே மறந்து, மறதியின் வேகத்தை 1885இல் வெளியிட்டார். ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல், திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட மூடிவைத்து நினைவுகூர்ந்து பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்தும் அதிகம் நினைவிருந்ததைக் காட்டினர். ஜான் டன்லாஸ்கியும் குழுவினரும் 2013இல் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டார்கள். கோடிட்டு வண்ணம் பூசுதல், மறுபடி படித்தல், சுருக்கி எழுதுதல் மூன்றும் குறைந்த பயன் என்ற பட்டியலில் விழுந்தன. தன்னைத் தானே சோதித்துக்கொள்ளலும் இடைவெளி விட்டுப் படித்தலும் மட்டுமே உயர்ந்த பயன் பெற்றன. இரண்டுக்கும் கடையில் வாங்க எதுவும் இல்லை. பயிலரங்கில் பரிசாகக் கொடுக்கவும் எதுவும் இல்லை.

களப்பணியின்போது கிள்ளான் தெங்கு கிளானா சாலைப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் அக்காவும் தம்பியும் ரொட்டி சானாய்க்குக் காத்திருந்தார்கள். நோட்டு மூடியிருந்தது. அதன்மேல் அக்காவின் முழங்கை.

"டேய், மோல்ல எத்தனை துகள்? பாக்காம சொல்லு."

"ஆறு புள்ளி பூஜ்யம் ரெண்டு... இன்ட்டு பத்து... இருவத்தி மூணு."

"இருவத்தி மூணு பக்கத்துலயா, மேலயா?"

தம்பி கூரையைப் பார்த்தான். "மேலக்கா."

"மேலன்னா என்னா அர்த்தம்?"

"பத்தை இருவத்தி மூணு தடவ பெருக்கணும்."

"நேத்து பக்கத்துலன்னு சொன்ன."

"நேத்து தப்பு."

மூன்று சுவடிகளும் அத்தனை அடைப்புக்குறிகளும் தீர்க்காத பாடச் சிக்கல் ரொட்டி வருமுன் தீர்ந்துபோனது. ஆயினும் இந்நிகழ்வில் தாள் இல்லை, மை இல்லை, கறை இல்லை. ரொட்டியின் பருப்புக் குழம்பும் தட்டிலேயே நின்றுவிட்டது. புத்தகப் பைக்குள் இருக்கும் குறிப்புகளே ஆய்வுப் பொருள் என்று இவ்வாய்வின் எல்லையில் முன்னரே முடிவுசெய்திருப்பதால் இது கணக்கில் கொள்ளப்படவில்லை. மழைச் சுவடியின் நீலக் குளத்தைப் புறஊதா விளக்கில் படமெடுக்க நிதி கோரி விண்ணப்பம் அனுப்பப்பட்டுள்ளது.