பின்னாலை அடைச்சுக் கிடக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஓடும் காருக்கு மேடு என்றால் என்னவென்றே தெரியாது. பேருக்குக் கீரிமலை ஒன்று இருக்கிறது. அங்கேயும் கேணிக்குள் இறங்கத்தான் படி. ஆகையால் எஞ்சினுக்கு மூச்சு முட்டுகிறதா என்பதைத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய்வந்து கண்டுபிடிக்க முடியாது. அதற்கு ஆனையிறவுக்குப் போகவேண்டும். இரண்டு பக்கமும் வெட்டை, சோளகம் அடிக்கிறது, நேர் றோட்டு. அக்சிலேற்றரைத் தரைவரை மிதித்தும் முள்ளு நாற்பதைத் தாண்ட மறுத்தது. தேங்காய் லொறி முந்தியது. பள்ளிக்கூட வான் முந்தியது. லான்ட்மாஸ்ரர் ஒன்று மட்டும் மரியாதைக்குப் பின்னால் நின்றது.

காருக்குள் வேறு பிரச்சினை. அழுகல் முட்டை மணம். மாமி சுத்த சைவம். முட்டையைப் படலைக்குள்ளேயே விடமாட்டார். மாமி என்னைப் பார்த்தார், நான் மனைவியைப் பார்த்தேன், மனைவி பேசாமல் யன்னலைத் திறந்தார். பெற்றோலில் இருக்கும் கந்தகத்தால்தான் அப்படி மணக்கிறது என்று பிறகு விளங்கப்படுத்தினேன். மாமி நம்பியதாகத் தெரியவில்லை.

ஒழுங்கைக்குள் ஒருவன் பொனற்றைத் திறந்தால் போதும், வைத்தியர்கள் தாமாகவே வருவார்கள். பெற்றோல் பில்ரர் என்றார் ஒருவர். காபுரேற்றர் என்றார் இன்னொருவர். இந்தக் காருக்குக் காபுரேற்றரே இல்லை என்றேன். "அப்ப அதுதான் பிழை" என்றார். இளைப்பாறிய மாஸ்ரர் தாங்கிக்குள் ஒரு போத்தல் தின்னர் விடச் சொன்னார்.

கொக்குவிலில் இருக்கும் மெக்கானிக் தம்பி பொனற்றைத் தொடவே இல்லை. பின்னால் போய்க் குந்தி, சைலன்சர் வாயில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, என்னை மிதிக்கச் சொன்னார். "அண்ணை, காத்து வரேல்லை. எஞ்சின் பிழையில்லை, பின்னாலை அடைச்சுக் கிடக்கு." பிறகு கொன்வேட்டருக்கு முன்னால் இருக்கும் ஒட்சிசன் சென்சரைக் கழற்றினார். விரல் போகும் அளவு ஓட்டை. ஸ்ராட் பண்ணியதும், அதுவரை போக்கிடமில்லாமல் நின்ற காற்றெல்லாம் அந்த ஓட்டையால் கிளம்பியது. பக்கத்து வளவு நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. ஆனால் எஞ்சின்! யப்பானிலிருந்து அன்றைக்குத்தான் வந்து இறங்கியதுபோலச் சீறியது. நோய் எங்கே என்பதற்கு அதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை.

கொன்வேட்டர் என்பது வெளியே பார்த்தால் வெறும் தகர டப்பா. உள்ளே பீங்கான் கட்டி. இடியப்ப உரலின் அச்சைப்போல, ஆனால் அதைவிட நெருக்கமாக, ஆயிரக்கணக்கில் துளைகள். துளைச் சுவரெல்லாம் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூச்சு. எஞ்சின் கக்கும் காபனோரொட்சைட்டு அதற்குள்ளால் போகும்போது காபனீரொட்சைட்டாகிவிடும். பிளக் ஒன்று ஒழுங்காகப் பொறி அடிக்காவிட்டால், எரியாத பெற்றோல் அங்கே வந்து எரிந்து பீங்கானையே உருக்கிவிடும். பழைய எஞ்சின் குடிக்கும் ஒயிலின் சாம்பல் மிச்சத் துளைகளை மூடும். என்னுடைய கார் இரண்டு வேலையையும் ஒன்றாகப் பார்த்திருந்தது.

"உள்ளுக்கு இருக்கிறதைக் குத்திக் கொட்டிப்போட்டு, வெறும் தகரத்தை வெல்ட் பண்ணி விடுங்கோவன்." ஒழுங்கையின் ஏகமனதான தீர்ப்பு இது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 1990க்குப் பிறகு, பொருளாதாரத் தடையில் பெற்றோல் கண்ணில் காணாத பொருளானபோது, ஒஸ்ரின் கேம்பிரிஜ்ஜையும் மொறிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. ஸ்ராட் பண்ணச் சில துளி பெற்றோல், சூடேறியதும் மண்ணெண்ணெய். கலியாணம், செத்தவீடு, பிள்ளைப்பேறு எல்லாவற்றுக்கும் அந்தப் புகையோடுதான் போய்வந்தோம். அந்தக் கார்களில் கழற்றி எறிய முடியாதது என்று ஒன்றும் இல்லை. ஈயம் கலந்த பெற்றோல் நாட்டில் நின்றதே 2002இல், ஏ9 பாதை திறந்த அதே வருடம். ஈயம் பட்டால் கொன்வேட்டரின் பூச்சு செத்துவிடும். ஆகவே இது இல்லாமலே ஓடிய அனுபவசாலிகளுக்கு இங்கே பஞ்சமில்லை.

குத்திக் கொட்டினால் கார் பறக்கும், உண்மை. பறந்துபோய் நேரே புகைப் பரிசோதனையில் விழும். பின்னால் குழாயைச் செருகி, எஞ்சினைச் சும்மா ஓடவிட்டும் 2500 சுற்றில் பிடித்தும் அளப்பார்கள். அந்தத் தாள் இல்லாமல் வருட வரிப்பத்திரம் கிடையாது. எனக்கு அதைவிடப் பெரிய பயம் வேறு. எங்கள் ஒழுங்கையில் மதிலுக்கும் மதிலுக்கும் நடுவே கார் நுழைந்தால் புகைக்குப் போக ஒரே இடம்தான்: குசினி யன்னல். அதற்குள் மாமி.

காரையே விற்றுவிடலாமே என்பீர்கள். 2020 மார்ச்சில் நிறுத்திய கார் இறக்குமதியை 2025இல்தான் திறந்தார்கள். அதற்குள் பழைய கார்கள் வயது போகப் போக விலை ஏறின. விற்ற காசுக்கு அதே மாதிரிக் காரைத்தான் வாங்கலாம், வேறொருவருடைய அடைப்போடு.

கடைசியில் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து, வெட்டின வாகனமொன்றின் கொன்வேட்டர் இரவு பஸ்ஸில் வந்து சேர்ந்தது. தம்பி அதை உடனே பூட்டவில்லை. முதலில் பிளக், கொயில், வால்வ் சீல். "இல்லாட்டி இதுவும் ஆறு மாசத்திலை அடைக்கும்" என்றார். என்னிடம் காசு கறக்கிறார் என்று ஒழுங்கை சொன்னது. எனக்கு அவர்தான் சரி.

கனடாவில், ஸ்காபுரோவில் இருக்கும் மச்சான் இதைக் கேட்டுப் பதறிவிட்டான். "பழசை எறிஞ்சுபோடாதை! இஞ்சை இரவிலை காருக்குக் கீழை படுத்து அறுத்துக்கொண்டு போறாங்கள். ரோடியம் 2021இலை அவுன்ஸ் இருபதாயிரம் டொலருக்கு மேலை போனது." உள்ளே இருப்பது சில கிராம் உலோகம்தான் என்பதை அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றிரவு அது கட்டிலுக்குக் கீழே படுத்தது.

வாரக் கடைசியில் பழைய இரும்பு வாங்கும் அண்ணை ஒலிபெருக்கியோடு வந்தார். டப்பாவைத் தூக்கிப் பார்த்து, கிலோ விலை சொன்னார்.

"கிராமுக்கு எவ்வளவு எண்டு சொல்லுங்கோ."

என்னை மேலும் கீழும் பார்த்தார். மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்த மாஸ்ரரையும் பார்த்தார். பிறகு ஒலிபெருக்கியைப் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.