ஒன்றா, இரண்டரையா?

1962ஆம் ஆண்டுச் செவ்ரலே கார்வெட் என்னும் ஸ்போர்ட்ஸ் காரை இன்றும் பேணிவரும் அமெரிக்கர்களுள் ஓட்டுபவர், விற்பவர், துடைத்துத் துணியால் மூடி வைப்பவர் எனப் பல வகையினர் இருப்பினும், டயர் வாங்கப்போகிறவர் என்னும் வகையினரே ஆய்வுக்கு மிகவும் உரியவர் ஆவர். இவரைக் கார் மன்றத்தின் எந்தக் கூட்டத்திலும் காணலாம். கையில் எஃகு அளவுகோலும், முகத்தில் இதோ முடிவெடுத்துவிடப்போகிறவரின் தீவிரமும் இருக்கும். அந்தத் தறுவாய் ஆண்டுக்கணக்கில் நீடிக்கக்கூடியது என்பதை அவரோடு பழகியவர்கள் மட்டுமே அறிவர்.

அவர் தேடுவது ஒயிட்வால் டயர், அதாவது தரையில் படும் பகுதிக்கும் உலோகச் சக்கரத்துக்கும் இடைப்பட்ட பக்கச்சுவரில் வெள்ளை வளையம் ஓடும் டயர். டயரை உருவாக்கும்போதே வெள்ளை ரப்பரை ஓர் அடுக்காக வைத்து, அதன்மேல் மெல்லிய கறுப்பு ரப்பரைப் போர்த்தி, அச்சில் வெந்து இறுகியபின் மேலுள்ள கறுப்பைச் சாணை பிடித்து நீக்கினால் இந்த வளையம் வெளிப்படும். அதன் அகலம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதே அவருடைய வாழ்க்கைப் பிரச்சினை. செயின்ட் லூயிஸ் தொழிற்சாலையிலிருந்து ஒயிட்வால் டயருடன் வெளிவந்த கார்வெட்டுகள் 1961 வரை அகன்ற வளையத்தைப் பெற்றிருந்தன; 1962இல் அது ஏறத்தாழ ஓர் அங்குலமாகக் குறுகிவிட்டது. அதே ஆண்டில், காரின் பக்கவாட்டில் முன்சக்கரத்துக்குப் பின்னாலுள்ள குழிவைச் சுற்றியிருந்த குரோம் விளிம்பும், அந்தக் குழிவுக்கு மட்டும் வேறு வண்ணம் பூசித் தரும் வழக்கமும் கைவிடப்பட்டன. ஆக, உடம்பு பெரும்பாலும் 1961, உடுப்பு மட்டும் 1962 என்று ஆகிப்போன இந்தக் காருக்கு விதிப்படி ஓர் அங்குலம்தான் என்பது அவருக்கு மனப்பாடம்; மனமோ இரண்டரை அங்குலத்தை விட்டு நகர மறுக்கிறது.

இந்தப் பூசலைத் தீர்க்க அவர் கையாளும் முறை அட்டை வளையம் வெட்டுவதாகும். வெள்ளை அட்டையில் காம்பஸால் வட்டமிட்டு, ஒன்று, ஒன்றரை, இரண்டே கால், இரண்டரை என்று வளையங்களை வெட்டி, ஒவ்வொன்றின் பின்புறமும் பென்சிலால் அளவைக் குறித்து, ஒட்டுநாடா கொண்டு டயரின் பக்கச்சுவரில் பொருத்துவார். பின்னர் கராஜ் வாசலிலிருந்து தெருவரை பின்னோக்கியே நடந்து சென்று, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். குந்தி அமர்ந்து பார்ப்பார். எதிர்வீட்டுப் புல்தரையில் ஏறி நின்று, அந்த வீட்டுக்காரர் கையசைப்பதையும் கவனியாமல் பார்ப்பார். அகன்ற வளையம் கறுப்பை விழுங்கிச் சக்கரத்தைச் சிறிதாகக் காட்டுகிறது என்றும், குறுகிய வளையம் காரைத் தரையோடு தாழ்த்திக் காட்டுகிறது என்றும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். அடுத்து இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் இரண்டரையுமாக ஒட்டிவிட்டுக் காரைச் சுற்றி வருவார்; இரு பக்கங்களையும் ஒரே நேரத்தில் பார்க்க இயலாமை மனித உடலமைப்பின் பெருங்குறை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரியவரும். முன்சக்கரத்தில் ஒரு வளையமும் பின்சக்கரத்தில் மற்றொரு வளையமுமாக ஒட்டிப் பார்த்தால் அக்குறை நீங்கிவிடும் என்று யாரேனும் யோசனை சொன்னால், அவ்வாறே ஒட்டிப் பார்த்துவிட்டு, இப்போது இது தம்முடைய காராகவே தோன்றவில்லை என்று இரண்டையும் பிய்த்தெறிவார். இரவில் மழை பெய்து அட்டைகள் ஊறிப்போனால் மறுநாள் புதிய அட்டை வாங்கப்படும். அட்டை வாங்குவதில் மட்டும் அவரிடம் எந்தத் தயக்கமும் காணப்படுவதில்லை.

அட்டைப் படலம் முடிந்ததும் கருத்துக் கேட்கும் படலம். கைவேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வரும் மனைவி, இரண்டுமே நன்றாகத்தான் இருக்கின்றன என்பார். அது செல்லாத வாக்காகத் தள்ளப்படும். அகலமானது அழகு என்று தபால்காரர் சொன்னால், தபால்காரருக்கு 1962இன் நடைமுறை தெரியாது. குறுகியதே சரி என்று மன்றத்து நண்பர் சொன்னால், நண்பருக்கு அழகுணர்ச்சி போதாது. வேட்டிக் கரை அரை விரற்கடை கூடவா குறையவா என்று தீராமல், ஜவுளிக்கடைப் பையனைப் பத்துமுறை ஏணியில் ஏற்றி இறக்கிவிட்டு, நாளை வருகிறேன் என்று குடையை எடுத்துக்கொண்டு புறப்படும் பெரியவரைத் தமிழ் வாசகர் அறிவர். இவர் அவருடைய உடன்பிறப்பு. என்றாலும் அந்தப் பெரியவர் தபால்காரரை நிறுத்திக் கருத்துக் கேட்பதில்லை.

விவரம் தெரியாதவர் என்று இவரை ஒதுக்கிவிடவும் முடியாது என்பதுதான் சங்கடம். தொடக்ககால டயர்கள், ரப்பரை வலுப்படுத்தக் கலந்த துத்தநாக ஆக்சைடால் வெளிறிய நிறத்தில் இருந்ததையும், பிறகு கார்பன் பிளாக் எனப்படும் நுண்ணிய கரித்தூளைக் கலந்தால் தேய்மானம் பெரிதும் குறைவதைக் கண்டு, தரையில் படும் பகுதிக்கு மட்டும் அதைச் சேர்த்தபோது பக்கங்கள் வெள்ளையாகவே நின்றதையும், அக்காலத்தில் முழுக்கறுப்பு டயரே வசதியின் அடையாளமாக இருந்ததையும், 1930களில் அந்த மதிப்பு தலைகீழானதையும் அவர் மூச்சுவிடாமல் எடுத்துரைப்பார். 1957ஆம் ஆண்டின் கேடிலாக் எல்டொராடோ புரோம் காரிலேயே ஓர் அங்குல வளையம் வந்துவிட்டது என்று ஆதாரம் காட்டிக் குறுகிய கட்சிக்காக வாதாடுவார். கேட்பவர் ஒப்புக்கொண்ட அக்கணமே அகன்ற கட்சிக்குத் தாவிவிடுவார். டென்னசி மாநிலத்தில் 1958இல் தொடங்கப்பட்ட கோக்கர் டயர் போன்ற நிறுவனங்கள், பழைய கார்களுக்கென்றே பழைய தோற்றத்தில் டயர் செய்து விற்பதால், கிடைக்கவில்லை என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. குறுகியதும் கிடைக்கிறது, அகன்றதும் கிடைக்கிறது. அவருடைய துன்பமே அதுதான்.

சக்கர மூடிகளைப் பற்றியும் அவருக்குக் கொள்கை உண்டு. பந்தயக் கார்களில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிக் கழற்றுவதற்கென நடுவில் இறக்கைகளுள்ள திருகு ஒன்று இருக்கும். அதைப் போலவே தோன்றி, ஆனால் எதையும் கழற்றாத போலித் திருகு கார்வெட்டின் சக்கர மூடியில் அலங்காரமாக உண்டு. அந்த இறக்கைகள் நான்கு சக்கரங்களிலும் ஒரே கோணத்தில் நிற்க வேண்டும் என்பது அவர் கொள்கை; காரை நகர்த்தினால் அது கெட்டுவிடும் ஆகையால் அவர் நகர்த்துவதில்லை. டயருக்குள் இழைகள் சாய்வாகக் குறுக்கிட்டு ஓடும் பழைய பயஸ் வகையா, இன்றைய ரேடியல் வகையா என்ற வழக்கு தனியே நிலுவையில் இருக்கிறது. அதை எடுத்தால் இக்கட்டுரை முடியாது.

எனினும் புதிதாக ஒயிட்வால் டயர் வாங்கிய எவரும் முதலில் அழைப்பது இவரைத்தான். வெள்ளை அழுக்காகாமலிருக்க அதன்மேல் நீலநிறப் பூச்சொன்றைத் தடவி அனுப்புவது வழக்கம்; வண்டியை ஓட்டுவதற்குமுன் அதைத் தண்ணீர், சோப்பு, தூரிகை கொண்டு பொறுமையாகக் கழுவி எடுக்க வேண்டும். இவர் வாளியோடு வந்து, முழங்காலுக்குக் கீழே பழைய துண்டொன்றை மடித்துப் போட்டு, நீலம் கரைந்து வழிந்தோடும்வரை தேய்த்து, கறுப்பும் வெள்ளையும் சேரும் விளிம்பை விரல்நுனியால் தடவிச் சரிபார்த்துத் தருவார். கூலி ஒரு கோப்பைக் காப்பி. கறுப்பு ரப்பரிலுள்ள எண்ணெய்களும் பாதுகாப்பு வேதிப்பொருள்களும் காலப்போக்கில் கசிந்து வெள்ளையைப் பழுப்பாக்கும் என்று எச்சரிக்கும்போது அவர் குரலில் உண்மையான வருத்தம் இருக்கும். பிறர் டயரின்முன் அவர் மண்டியிட்டிருக்கும் அந்த அரைமணி நேரத்தில் அவரை வெறுப்பது கடினம்.

எழுந்து நின்றதும் எளிதாகிவிடுகிறது. 1974இல் தொடங்கப்பட்ட நேஷனல் கார்வெட் ரெஸ்டோரர்ஸ் சொசைட்டி, காரின் உறுப்புகள் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே உள்ளனவா என்று மதிப்பெண் இட்டுப் பார்க்கும் அமைப்பாகும். ஆனால் அங்கே தாமே விரும்பிக் காரைக் கொண்டுவருவோருக்கே மதிப்பெண் இடுகின்றனர். இவரோ எவரும் கேளாமலே, கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு அந்தப் பணியைச் செய்கிறார். இருந்த பணத்தைப் போட்டு ஒரு 1962 கார்வெட்டை ஓடவைத்து, கிடைத்த அகன்ற வளைய டயரை மாட்டி, வயதான தந்தையைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு வந்து இறங்கும் இளைஞரிடம், நலம் விசாரிப்பதற்கு முன்பே, இது 1961இன் டயர் அல்லவா என்கிறார். சொன்னதோடு விடாமல் தந்தையின் கண்ணெதிரே அளவுகோலையும் வைத்துக் காட்டுகிறார். இதற்கு மரியாதைக் கேடு என்பதைத் தவிர வேறு பெயரில்லை. அந்த இளைஞர் காரை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். இவருடைய கார், பக்கச்சுவரில் வெடிப்பு விழுந்த பழைய டயர்களோடு கராஜில் நிற்கிறது. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் ரப்பர் முதுமையடையும் என்பதை அவரே மன்றத்தில் வகுப்பெடுத்திருக்கிறார். 1962இல் அடிப்படை விலைக்கு வந்தது முழுக்கறுப்பு டயர்தான் என்பதும், 30 டாலருக்குச் சற்று மேல் கொடுத்தவர்களுக்கே வெள்ளை வளையம் கிடைத்தது என்பதும், ஆகவே வெள்ளையே இல்லாத டயரை இன்றே மாட்டி ஓட்டினாலும் விதி மீறப்படாது என்பதும் அவருக்குத் தெரியாதவை அல்ல. யாரேனும் அதை நினைவூட்டினால் கத்தரிக்கோலைத் தேடப் போய்விடுகிறார்.

ஆதலால் இத்தகையவரின் வீட்டு வாசலைக் கடக்க நேரும் வாசகர், கேள்வி வந்ததும் ஓர் அங்குலம் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவது நல்லது. 1962ஆம் ஆண்டுக் காருக்கு அதுவே சரியான விடை. அன்றியும், இரண்டரை என்று சொல்பவரிடம் அட்டையின் மறுமுனையைச் சற்றுப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார்.