தாங்குவது யார்? கைத்தடி குறித்து ஓர் ஆராய்ச்சி

கைத்தடி மனிதனைத் தாங்குகிறது என்று அகராதிக்காரர் முதல் எலும்பு வைத்தியர் வரை எல்லோரும் நம்பிவருகிறார்கள். கடையில் விற்கும் அலுமினியத் தடிக்கு அது பொருந்தலாம். அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. வழியில் கிடந்த கொம்பை எடுத்துவந்து, பட்டை சீவி, பிடி செதுக்கி, பூண் மாட்டி அழகுபார்க்கிற தடியைப் பொறுத்தவரை உண்மை தலைகீழானது. அங்கே தாங்குகிறவர் மனிதர், தாங்கப்படுவது தடி.

முதற்சான்று காலக்கணக்கு. பச்சைக் கொம்பைச் செதுக்கினால் காயும்போது வெடிக்கும், கோணும். அதனால் வெட்டுவாயில் மெழுகு பூசி, வெயில் படாத இடத்தில் காற்றாடப் போட்டுவைக்க வேண்டும். அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஓராண்டு என்பது மரவேலைக்காரர் கணக்கு. சித்திரையில் முழங்கால் வலி கண்டவர் கொய்யாக் கொம்பு ஒன்றைப் பொறுக்கினால், மறு சித்திரையில்தான் அது கைக்கு வரும். அதற்குள் வலி போயிருக்கும், அல்லது மூட்டையே மாற்றியிருப்பார். மூன்றாவதாகவும் ஒன்று நடக்கலாம். அப்போது தடி தேவைப்படாது. இந்த ஓராண்டும் கொம்பு பரணில் சுகமாகப் படுத்திருக்க, வலிக்கும் காலோடு ஏணி ஏறி அது காய்ந்ததா என்று தடவிப் பார்க்கிறவர் அவர்தான். காய்ந்த பின்னும் விடுதலை இல்லை. கோணலை அனலில் வாட்டி நிமிர்த்தி, உப்புத்தாள் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் ஊட்ட வேண்டும். பிள்ளைக்குச் சோறும் தடிக்கு எண்ணெயும் ஊட்டத்தான் படுகின்றன. யார் யாரை வளர்க்கிறார் என்று மொழியே சொல்லிவிட்டது. (கொடி சுற்றி நெரித்ததால் திருகித் திருகி வளர்ந்த கொம்பு கிடைத்துவிட்டால் பேச்சே வேண்டாம். தோட்டக்காரர் அதை நோய் என்பார். தடிக்காரர் இரவெல்லாம் தூங்கமாட்டார்.)

அடுத்த சான்று எண்ணிக்கை. 1922இல் எகிப்தில் கண்டுபிடிக்கப்பட்ட துட்டன்காமன் கல்லறையில் சுமார் 130 தடிகள் இருந்தன. அரசனுக்குக் கால் சரியில்லை, அதனால்தான் என்பாரும் உளர். 2010இல் வெளியான மருத்துவ ஆய்வு ஒன்று இடது பாதத்தில் எலும்பு நோய் இருந்ததாகச் சொன்னது உண்மை. ஒப்புக்கொள்வோம். ஒரு காலுக்கு ஒரு தடி. அது முறிந்தால் இன்னொன்று. மீதி 128க்கு என்ன சமாதானம்? அந்தக் குவியலில் ஒன்று வெறும் நாணல். அதற்குப் பொன்னால் பூண் கட்டி, அரசனே தன் கையால் வெட்டியது என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். கருங்காலியும் தந்தமும் குவிந்த அரண்மனையில் இப்படி ஒரு மரியாதை! நாணல் எந்த அரசனையும் தாங்காது. அரசன்தான் அதைத் தாங்கினான், செத்த பிறகும்.

வழுக்கும் நிலத்தில் உதவும் ஊன்றுகோலை வள்ளுவர் உவமை சொன்னாரே எனின், அவர் சொன்னது வேறு தடி. எண்ணெய் ஊட்டிய தடியைச் சேற்றில் ஊன்ற யாருக்கு மனம் வரும்? மழை பிடித்தால் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கால் வழுக்க வழுக்க வீடு போய்ச் சேருவார்களே தவிர ஊன்றமாட்டார்கள்.

கடினமான மறுப்பு சங்க இலக்கியத்திலிருந்து வருகிறது. புறநானூற்று 243ஆம் பாட்டைப் பாடியவரின் சொந்தப் பெயர் போய்விட்டது. பாட்டில் அவர் ஊன்றி நிற்கும் பூண் கட்டிய தடியைக் கொண்டே தொடித்தலை விழுத்தண்டினார் என்று அழைத்தார்கள். இத்தனை நூற்றாண்டும் புலவரைத் தடிதானே தாங்கிவந்தது என்று மடக்குவார்கள். மடங்க வேண்டியதில்லை. இளமையில் மருத மரக் கிளையேறி மடுவில் குதித்து அடிமணலை அள்ளிக் காட்டியவர் அவர். பாடும்போதோ உடல் நடுங்க, இருமலுக்கு நடுவே சில சொற்களே வருகின்றன. மூச்சுக்கே பஞ்சமான அந்த நிலையிலும், சும்மா தடி என்று விட மனமில்லாமல், அதன் தலைப்பூணுக்கென்று ஒரு சொல்லும் அதன் சிறப்புக்கென்று ஒரு சொல்லும் செலவழித்திருக்கிறார். செலவு அவருடையது, ஆகவே தாங்கியவரும் அவரே என்க.

வீட்டிலிருப்போர்க்கு ஒரு விண்ணப்பம். பரணிலோ கதவிடுக்கிலோ காரணம் தெரியாத கொம்பு ஒன்று கிடந்தால், அதை வெந்நீர் அடுப்பில் வைத்துவிடாதீர்கள். அது இன்னும் காயவில்லை.