லாடக்காரன் வரவில்லை

செஞ்சிக் கோட்டையில், கல்யாண மகாலுக்குப் பக்கத்தில் வளைவு வளைவாக ஒரு நீளக் கட்டடம் இருக்கிறது. குதிரை லாயம் என்பார்கள் சிலர், சிப்பாய்கள் தங்கிய இடம் என்பார்கள் சிலர். எது சரி என்று நான் சண்டைக்குப் போவதில்லை. காற்றோட்டம் நன்றாக இருப்பதால் எனக்கென்னவோ குதிரைக்குத்தான் கட்டியிருப்பார்கள் என்று தோன்றுகிறது. சிப்பாய்க்கு யார் அவ்வளவு யோசித்தார்கள்?

ராஜாக்களைக் குறை சொல்ல முடியாது. குதிரைதான் அன்றைக்கு எஞ்சின். அதுவும் ஃபாரின் எஞ்சின்.

13-ம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுப் பக்கம் வந்துபோன மார்க்கோ போலோ, நம்மூர் ராஜாக்கள் குதிரை வாங்கும் அழகை எழுதிவைத்திருக்கிறார். ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் கப்பல் கப்பலாகக் குதிரை வருகிறது. ஒரு ராஜா வருஷத்துக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குகிறார். வருஷக் கடைசியில் எண்ணினால் 100 கூடத் தேறுவதில்லை. சோற்றையும் கறியையும் சேர்த்து வேகவைத்துப் போட்டார்களாம். பிரியாணி தின்ற குதிரை படுக்குமா, போருக்குப் போகுமா?

அதைவிட ருசியான தகவல் அடுத்தது. குதிரை விற்ற வியாபாரிகள் லாடம் அடிக்கிறவனையோ குதிரை வைத்தியனையோ கூட்டிவருவதே இல்லை. எவனாவது கிளம்பினாலும் வழியிலேயே மடக்கிவிடுவார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த வருஷம் வியாபாரம்! எழுநூறு வருஷத்துக்கு முன்பே இவ்வளவு தெளிவாக இருந்திருக்கிறார்கள். நம்மவர்கள்தான் பட்டுச் சால்வை போர்த்தி வழியனுப்பியிருப்பார்கள்.

செஞ்சியில் எஞ்சினை நம்பிக் கெட்டவர்களில் பெரிய பெயர் தேசிங்கு. ஊருக்கு ராஜா தேசிங்கு; பட்டாவில் தேஜ்சிங், புந்தேல ராஜபுத்திரர். அப்பா சரூப்சிங்குக்குக் கோட்டையைக் கொடுத்தவர் ஔரங்கசீப். 1714-ல் அப்பா போய்ச் சேர்ந்ததும், ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் துக்கம் விசாரிக்கும் கையோடு கப்பப் பாக்கியையும் விசாரித்தார். தேசிங்குக்கு இருபத்திச் சொச்சம் வயது. பாக்கியைப் பற்றிப் பேசுகிற வயசா அது?

கதைப்பாட்டுக்காரர்கள் கணக்குப்படி, டெல்லி பாதுஷாவிடம் எவனுக்கும் அடங்காத ஒரு குதிரை இருந்தது. அதை அடக்கித்தான் பெண்ணும் பேரும் பெற்றார் தேசிங்கு. நவாபோடு போர் என்றதும், நண்பன் மகபத்கான் மாப்பிள்ளைக் கோலத்தோடு எழுந்து வந்து நீலவேணி என்ற குதிரையில் ஏறினான். இரண்டு நல்ல எஞ்சின், சில நூறு ஆட்கள். எதிரே ஆயிரக்கணக்கில் நவாப் படை. மேலேயிருந்து எட்டிப் பார்த்து எண்ணிச் சொல்ல அன்றைக்கு ஒரு ட்ரோன் இருந்திருந்தால்? ஒன்றும் நடந்திருக்காது. திரையை ஒருமுறை பார்த்துவிட்டு, ‘படம் சரியா வரல’ என்று சொல்லி தேசிங்கு குதிரை ஏறியிருப்பார். ராஜாக்களுக்கு உளவு வேண்டும் என்பது பிற்காலத்தில் வந்த மூடநம்பிக்கை.

தேசிங்கு விழுந்தார். ராணி உடன்கட்டை ஏறினார். ஜெயித்த நவாப் மனசு கேட்காமல் அந்த ராணியின் நினைவாக ஒரு பேட்டைக்குப் பெயர் வைத்தார் என்பார்கள். ராணிப்பேட்டை. அந்தப் பேரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவேன்.

செஞ்சியில் நிஜமாகவே ஆளில்லாப் படை தேவைப்பட்டது பிரெஞ்சுக்காரர்களுக்கு. தேசிங்குக்கு முன்பே ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகர் கான் 1690-ல் முற்றுகையிட்டு எட்டு வருஷம் கோட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தார். எதிரியோடு உள்ளூர ஏதோ ஏற்பாடு என்று அப்போதே ஊரில் பேச்சு. பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியோ 1750-ல் ஒரே ராத்திரியில் கோட்டையின் மூன்று மலையையும் பிடித்துவிட்டார். பிடித்த பிறகுதான் சோதனை. பத்து வருஷம் கோட்டையில் உட்கார்ந்திருந்ததில் 1,200 ஐரோப்பியச் சிப்பாய்கள் செத்தார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். எதிரி சுட்டு அல்ல. செஞ்சித் தண்ணியும் காய்ச்சலும். ஆளே வேண்டாம், ஏதாவது எந்திரம் அனுப்புங்கள் என்று அவர்கள் பாரிசுக்கு எழுதியிருந்தால் நியாயம்.

எந்திரம் அனுப்பியிருந்தால் மட்டும் என்ன? ஆளில்லாமல் வானத்திலிருந்து அடிக்கும் யோசனையை 1849-ல் ஆஸ்திரியர்கள் வெனிஸ் மீது சோதித்தார்கள். பலூனில் குண்டைக் கட்டி, திரி வைத்து விட்டார்கள். காற்று திரும்பியது. சில பலூன்கள் அனுப்பியவர் வீட்டுக்கே வந்து சேர்ந்தன. எஞ்சின் இல்லாத வாகனம் சொந்த பந்தத்தை மறக்காது. 1918-ல் அமெரிக்காவில் கெட்டரிங் என்பவர் எஞ்சின் வைத்தே ஒன்று செய்தார். எஞ்சின் இத்தனை சுற்று சுற்றியதும் தானாக நிற்கும், ரெக்கை கழன்று விழும், உடம்பு குண்டோடு கீழே போகும். எஞ்சின் நிற்பதையே வேலையாக வைத்த ஒரே எஞ்சினியர் அவர். அந்த வகையில் அவரை யாரும் குற்றம் சொல்ல முடியாது.

மற்றவர்களுக்கு எஞ்சின் அனுமதி கேட்காமல் நின்றது. 2003-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் ஆளில்லா விமானங்கள் ஏன் விழுகின்றன என்று உட்கார்ந்து எண்ணியது. பழுதுகளில் 37 சதவீதம் எஞ்சின், மின்சக்தி தொடர்பானவை. விமானிமேல் பழி போடலாம் என்றால் உள்ளே விமானி இல்லை. ஆள் உட்காராத விமானம்தானே என்று ஒற்றை எஞ்சின், சின்ன எஞ்சின், சல்லிசான எஞ்சின் வைப்பார்கள். அது மெலிந்த காற்றில், குளிரில், ராத்திரி பகலாக ஒரே வேகத்தில் ஓட வேண்டும். இருமினால் பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்க ஆள் கிடையாது. நம்மூர் ஷேர் ஆட்டோக்காரர் சத்தத்தை வைத்தே பிளக்கா, கார்புரேட்டரா என்று சொல்லிவிடுவார். அவரை 20,000 அடிக்கு மேலே ஏற்ற வழியில்லை. உலகமெல்லாம் பெயர் வாங்கிய அமெரிக்க ஆளில்லா விமானம் பிரிடேட்டரிலேயே ஓடியது ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ். பனிச்சறுக்கு வண்டிக்கு எஞ்சின் செய்கிற கம்பெனி.

இங்கே பெங்களூரின் டிஆர்டிஓ ஆய்வகம் நிஷாந்த் என்று ஒன்று செய்தது. கவணில் கல் எறிவதுபோல் லாரியிலிருந்து எறிய வேண்டும், பாராசூட்டில் இறக்க வேண்டும். அதற்கு உள்நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து 55 குதிரைத்திறனில் சொந்தமாக வாங்கெல் எஞ்சின் செய்து 2009-ல் கோலாரில் பறக்கவும் விட்டார்கள். பிஸ்டனுக்குப் பதில் முக்கோணச் சுழலி. அதிர்வு குறைவு, எடை குறைவு. நல்ல காரியம், கை தட்டலாம். ஆனால் ராணுவத்துக்குப் போன நான்கு நிஷாந்தும் 2015-க்குள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து தீர்ந்தன. ‘நிஷாந்த்’ என்றால் ராத்திரியின் முடிவு. பெயரில் பாதி பலித்தது.

அதே 2009 நவம்பர் 16, நம்ம ஓசூர். அதே பெங்களூர் ஆய்வகத்தின் ருஸ்தம்-1 முதல் முறையாக வானேறுகிறது. பாரசீக மாவீரன் ருஸ்தம் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். அது பேராசிரியர் ருஸ்தம் தமானியாவுக்கு மரியாதை. பாரசீக ருஸ்தமுக்காவது ரக்ஷ் என்று ஒரு குதிரை இருந்தது. சிங்கம் வந்தபோது தூங்கிக்கொண்டிருந்த எஜமானனை எழுப்பாமல் தானே கொன்று போட்ட குதிரை. ஓசூர் ருஸ்தமில் எஞ்சினுக்கு அவ்வளவு சுதந்திரம் இல்லை. உயரத்தைத் தப்பாகக் கணித்து, நடுவானிலேயே எஞ்சினை நிறுத்தச் சொல்லிக் கீழேயிருந்து கட்டளை போய்விட்டது. எஞ்சின் சொன்ன பேச்சைக் கேட்டது. விமானம் விழுந்தது. அடுத்த வருஷம் அக்டோபரில் அதே ஓசூரில் அரைமணி நேரம் ஒழுங்காகப் பறந்து மானத்தைக் காப்பாற்றினார்கள்.

அதன் தம்பி தபஸ் கதை இன்னும் நீளம். முதலில் ரஷ்ய எஞ்சின், பிறகு ஆஸ்திரிய எஞ்சின்; அந்த ஆஸ்திரிய எஞ்சினும் பென்ஸ் கார் டீசல் எஞ்சினை வைத்துச் செய்தது. கேட்டது 30,000 அடி உயரம், 24 மணி நேரம். முடிந்தது 28,000 அடி, 18 மணி நேரம். தவசு என்று பெயர் வைத்துவிட்டு ஆறு மணி நேரம் முன்னாலேயே எழுந்துவிட்டால் எந்தச் சாமி வரம் கொடுக்கும்? 2019-லும் 2023-லும் சித்ரதுர்கா பக்கம் வயலில் இறங்கி ஊர்மக்களுக்கு செல்ஃபி வரம் மட்டும் கொடுத்தது.

இப்போது ராணிப்பேட்டைக்கு வருவோம். அந்த மாவட்டத்தில்தான் அரக்கோணம், அரக்கோணத்தில்தான் கடற்படை விமானத்தளம் ஐ.என்.எஸ். ராஜாளி. 2020 நவம்பரில் அமெரிக்காவிலிருந்து இரண்டு சீகார்டியன் ஆளில்லா விமானங்கள் குத்தகைக்கு வந்து அங்கே இறங்கின. 24 மீட்டர் ரெக்கை, ஹனிவெல் டர்போப்ராப் எஞ்சின், முப்பது மணி நேரத்துக்கு மேல் பறக்கும். 2024 செப்டம்பர் 18 அன்று ஒன்றுக்கு நடுவானில் தொழில்நுட்பக் கோளாறு. சரிசெய்ய முடியாமல், ஆள் இல்லாத கடல் பக்கம் கொண்டுபோய்ச் சென்னைக்கு அப்பால் இறக்கினார்கள். தேசிங்கு ராணியின் பேட்டையிலிருந்து கிளம்பியது, போர்க்களம் பார்க்காமலே வங்காள விரிகுடாவில் உடன்கட்டை ஏறியது.

அடுத்த மாதமே 31 வாங்க ஒப்பந்தம் ஆனது. சிரிக்காதீர்கள், இந்தத் தடவை ஒரு வித்தியாசம். பராமரிப்பும் பழுதுபார்ப்பும் இந்தியாவிலேயே என்று கூடவே இன்னொரு கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள். மார்க்கோ போலோ பார்த்திருந்தால் நாற்காலியிலிருந்து விழுந்திருப்பார்: லாடக்காரனும் கப்பல் ஏறுகிறான்!

போன மாசம் கோட்டையிலிருந்து இறங்கி, திருவண்ணாமலை ரோட்டோரம் இளநீர் குடித்துக்கொண்டிருந்தேன். எதிரே வயக்காட்டில் ஒரு கல்யாண ஷூட்டிங். மாப்பிள்ளை கோட்டு சூட்டில் வேர்த்துக் கொட்டிக்கொண்டு கோட்டையின் ராஜகிரி மலையைப் பார்த்து நிற்க, மேலே ட்ரோன் ரீங்காரம் போட்டது. திடீரென்று ஒரு பக்கம் சாய்ந்து கரும்புக்குள் போய் விழுந்தது. கேமராக்காரத் தம்பி சாவகாசமாக நடந்துபோய் எடுத்துவந்தான். ஒரு மோட்டார் சுற்றவில்லை.

“எங்க தம்பி ரிப்பேர் பண்ணுவீங்க?”

“ரிப்பேரா? மோட்டார் தனியா வராதுண்ணே. கடைக்காரரு புதுசா ஒண்ணு எடுத்துக்கச் சொல்றாரு.”

உடைந்த ரெக்கை ஒன்று தரையில் கிடந்தது. புளியமரத்துக் குரங்கு இறங்கி வந்து எடுத்து, கடித்துப் பார்த்து, துப்பிவிட்டுப் போனது.