கைமாறிய சாவி

கேள்வி: லட்சக்கணக்கானோர் பயன்படுத்தும் குரோம் எக்ஸ்டென்ஷன் என்றால் நம்பி இன்ஸ்டால் செய்யலாம்தானே?

பதில்: தலைகளை எண்ணி மட்டும் நம்பிவிடாதீர்கள். 'தி கிரேட் சஸ்பெண்டர்' எக்ஸ்டென்ஷனை 20 லட்சம் பேர் வைத்திருந்தார்கள். பயன்படுத்தாத டேப்களை உறங்கவைத்து மெமரியை மிச்சப்படுத்தும். வேலையில் குறையே இல்லை. 2020-இல் உருவாக்கியவர் அதை வேறொருவருக்கு விற்றார். 2021 பிப்ரவரியில், மால்வேர் இருப்பதாகச் சொல்லி கூகுள் அதை நீக்கியது. நாம் வீட்டுச் சாவியைக் கொடுத்தது நல்லவரிடம்தான். அவர் அதை விற்கும்போது நம்மைக் கேட்கவில்லையே! அப்டேட் தானாக வந்து இறங்குவதால் கைமாறியது நம் கண்ணிலும் படாது.

ஆகவே, 'எல்லா இணையதளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்' அனுமதி கேட்டால் நிதானியுங்கள். உங்கள் நெட் பேங்கிங் பக்கமும் அதில் அடக்கம். வெறும் கால்குலேட்டருக்கு அது எதற்கு? ஃபோனிலும் இதே கவனம் வேண்டும்: வாட்ஸ்அப்பில் 'கல்யாணப் பத்திரிகை' என்று வரும் ஏபிகே ஃபைலை, அதாவது ஆப்பை இன்ஸ்டால் செய்யும் ஃபைலை, தொடாதீர்கள். உண்மையான பத்திரிகை கல்யாணத்துக்குத்தான் அழைக்கும். இன்ஸ்டால் செய்யச் சொல்லாது. எக்ஸ்டென்ஷன் பட்டியலை இன்றே திறந்து, பயன்படுத்தாதவற்றை நீக்கிவிடுங்கள்.