லூஸ் காண்டாக்டுக்கு ஒரு வாழ்த்து

லூஸ் காண்டாக்டே, இடம் பொருள் ஏவல் அறிந்து நடப்பதில் உனக்கு நிகர் நீதான். வீட்டு மேசையில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் என் டார்ச் லைட் சுவர் முழுக்க வெளிச்சம் அடிக்கிறது. கடைக்காரரிடம் காட்டினால் அதைவிடப் பிரகாசம். அதையே சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு இரவு பத்தரைக்கு எண்ணூர் விரைவுச் சாலையில் ஏறினால்தான் உன் திருவிளையாடல் தொடங்கும். ஒரு பக்கம் கடலுக்குக் கொட்டிய கருங்கல். இன்னொரு பக்கம் துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் கண்டெய்னர் டிரெய்லர்கள். தெருவிளக்கு எரியாத இடமாகப் பார்த்து, முன்சக்கரம் பள்ளத்தில் இறங்குகிற அதே நொடியில் நீ எழுந்தருளுகிறாய். டார்ச்சின் மண்டையில் ஒரு தட்டு தட்டினால் மனமிரங்கி ஒளி தருகிறாய், அடுத்த பள்ளம் வரைக்கும்.

நீ குடியிருக்கத் தேர்ந்தெடுத்த ஊரைச் சொல்லாமல் உன் பெருமை முழுமையாகாது. விம்கோ நகர் என்ற பெயரே தீப்பெட்டி செய்த கம்பெனியால் வந்தது. எவரெடியின் பேட்டரித் தொழிற்சாலை திருவொற்றியூர் நெடுஞ்சாலையில்தான் இருந்தது. எண்ணூர் அனல் மின் நிலையம் 450 மெகாவாட் திறனோடு நின்று, 2017இல் மூடப்பட்டது. தீக்குச்சி, பேட்டரி கட்டை, மின்சாரம் மூன்றும் பிறந்த மண்ணில், ஷிப்டு முடிந்து வீடு திரும்புகிற ஒருவனை நடுரோட்டில் இருட்டில் நிறுத்த அசாத்தியத் திறமை வேண்டும். அது உன்னிடம் இருக்கிறது.

அடக்கமும் இருக்கிறது. இரண்டு மாதத்தில் நான்கு முறை நான் புதுக் கட்டை வாங்கினேன். ஒவ்வொரு முறையும் டார்ச் பளிச்சென்று எரிந்தது. பழைய கட்டை தீர்ந்துவிட்டது என்று நம்பி வீசினேன். புதுக் கட்டையை உள்ளே தள்ளும்போது அதன் முனை தகட்டின் மேல் உரசி, படிந்திருந்த அழுக்கைக் கொஞ்சம் சுரண்டிவிடும். வெளிச்சம் வந்ததற்குக் காரணம் அந்த உரசல்தான். நாலு நாளில் அழுக்கு திரும்பப் படிந்துவிடும். பழியைப் பழைய கட்டைக்கும் புகழைப் புதுக் கட்டைக்கும் விட்டுக்கொடுத்துவிட்டு, உனக்கென்று எதையும் கேட்காமல் உள்ளே இருந்தாய். பெட்டிக்கடைக்காரருக்கு என் சம்பளத்தில் ஒரு பங்கு போனது உன் வள்ளல் குணத்தால்.

மரபை மறக்காத பண்பு ஒன்றும் உண்டு உனக்கு. 1899இல் டேவிட் மிசெல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற குழாய் வடிவக் கைவிளக்கால் தொடர்ந்து எரிய முடியவில்லை. அன்றைய கட்டைக்கும் பல்புக்கும் அவ்வளவு வலு கிடையாது. விட்டு விட்டு மின்னியதால் பிளாஷ்லைட் என்று பெயர் வந்தது. கட்டை வலுத்துவிட்டது, பல்பு எல்இடி ஆகிவிட்டது. அந்தப் பழைய பெயர் பொய்யாகிவிடாமல் இன்றைக்கும் காப்பாற்றுகிறவன் நீ.

உன்னை எனக்கு அறிமுகம் செய்துவைத்தவர் தேரடிப் பக்கம் ரேடியோ, மிக்சி ரிப்பேர் பார்க்கும் ஒரு பெரியவர். டார்ச்சை வாங்கிக் குலுக்கிப் பார்த்தார். “கட்டை மேல இன்னாத்துக்குப்பா பழி போடுற? காண்டாக்ட்டு உப்பு புடிச்சிக்கீது” என்றார். பின்மூடியைக் கழற்றினார். கட்டைக்கூட்டின் அடியிலிருந்து டார்ச்சின் உடம்புக்கு ஒரு துண்டு ஒயரை வைத்தார். விளக்கு எரிந்தது. கட்டை நல்ல கட்டை, கோளாறு மூடிக்குள் என்று அந்த ஒரு ஒயரே சொல்லிவிட்டது.

அன்றைக்குத்தான் உன் ராஜ்ஜியத்தின் எல்லையை எண்ணிப் பார்த்தேன். மூன்று சிறு கட்டைக்கு ஆறு முனை. கூட்டின் தலையும் அடியும் இரண்டு. மூடியின் மரை, சுவிட்ச். பத்து இடங்கள், எல்லாம் ஒரே வரிசையில். ஒன்று விட்டால் அத்தனையும் இருட்டு. முழுக்க விட வேண்டியதுகூட இல்லை. அரை ஆம்பியர் ஓடும்போது ஒரு ஓம் தடை ஏறினாலே அரை வோல்ட் வழியிலேயே செத்துவிடும். கடற்காற்றின் உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்து வைக்க, ஸ்பிரிங் துருவேறும், பித்தளையில் களிம்பு பிடிக்கும், அலுமினிய மரையில் சாம்பல் பூக்கும். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை அந்தக் காற்று உனக்காக ராப்பகலாக உழைக்கிறது.

என்னையும் உன் வேலையாளாக வைத்துக்கொண்டாயே, அதற்கும் ஒரு வாழ்த்து. ஆர்வக்கோளாறில் உப்புத்தாள் எடுத்து ஸ்பிரிங்கைப் பளபளவென்று தேய்த்தேன். நிக்கல் பூச்சு போய் இரும்பு வெளியே வந்தது. ஒரே வாரத்தில் முன்னைவிட அடர்த்தியாகத் துரு. பெரியவர் திட்டினார். பென்சில் அழிக்கிற ரப்பர் போதும் என்றார். ஒழுகிய அல்கலைன் கட்டையின் வெள்ளைப் பூப்பு காரம், அதனால் பஞ்சுக் குச்சியில் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைக்க வேண்டும். பிறகு ஸ்பிரிட்டால் துடைத்து நன்றாகக் காயவிட வேண்டும். மூடிக்குள் சுவிட்சைப் பிடித்திருக்கும் வளையம் சைக்கிள் குலுங்கிக் குலுங்கித் தளர்ந்திருந்தது. டுவீசர் முனையால் திருகி இறுக்கினார். அமுங்கிப்போன ஸ்பிரிங்கை மெதுவாக ஒரு நூல் இழுத்துவிட்டார். மரைக்கு வாசலின், கண்ணுக்குத் தெரியாத அளவு. கூடு உள்ளே ஆடாமலிருக்கப் பழைய சைக்கிள் டியூபில் ஒரு வளையம் வெட்டிப் போட்டார். என்னிடம் அவர் வாங்கியது ஒரு டீ.

அதற்குப் பிறகு அந்தச் சாலையில் எத்தனையோ பள்ளம் இறங்கி ஏறிவிட்டேன். என் வெளிச்சம் ஒருமுறைகூட இமைக்கவில்லை. பின்னால் வரும் டிரெய்லரின் சத்தம் கேட்டாலே கால் நடுங்கிய காலம் போய்விட்டது. எதிரே என்ன இருக்கிறது என்று தெரிகிறதே, அதுவே பெரிய தைரியம்.

போன வாரம் விடியற்காலை காசிமேடு பக்கம் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு வயதானவர், கேரியரில் மீன் பெட்டியோடு. அவர் டார்ச் அணைந்தது. உள்ளங்கையால் தட்டினார். எரிந்தது. இருபதடி தாண்டி மறுபடி அணைந்தது. அந்தக் கை தட்டுகிற விதத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏறி மிதித்துப் பக்கத்தில் போனேன். “அண்ணே, ஓரமா நிறுத்துங்க. கட்டைய மாத்திடாதீங்க” என்றேன். டீக்கடை வெளிச்சத்தில் நிறுத்தினார். பையிலிருந்து ரப்பரை எடுத்துக்கொண்டு மூடியைக் கழற்றினேன்.

உள்ளே, பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து, அமைதியாக, நீ.